ஒட்டுப்பலகையை நேராக அறுத்தல்

யாழ்ப்பாணத்து மரக்காலைகளில் 8 அடிக்கு 4 அடியாக வாங்கிவரும் ஒட்டுப்பலகையை விறாந்தையிற் கிடத்தி, பென்சில் கோட்டைக் கண்ணாற் பார்த்துக்கொண்டே பலர் மின் வட்டவாளை ஓட்டுகிறார்கள். எவ்வளவு நிதானமான கையானாலும் வாள் ஓரிரு மில்லிமீற்றர் அலையத்தான் செய்யும். அலுமாரிக் கதவு கோணலாகத் தெரிவதற்கு அதுவே போதும். கோடு அளவுக்கு மட்டுமே. வாளை நடத்துவதற்கு அதன் அடித்தட்டு உரசிச் செல்லும் நேர்விளிம்பு ஒன்று வேண்டும்.

அதற்கெனக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. தொழிற்சாலையில் வெட்டப்பட்ட நீள விளிம்பு பெரும்பாலும் நேராகவே இருப்பதால், அதிலிருந்து ஒரு சாண் அகலத் துண்டை எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதன் ஓரமாக ஒரு கோடு கீறி, துண்டை மறுபுறம் புரட்டி அதே இரு முனைகளுக்கிடையே மீண்டும் கீறும்போது இரண்டு கோடுகளும் ஒன்றாகப் படிந்தால் அந்த விளிம்பை நம்பலாம்.

இனி, இந்த விளிம்பைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் பூட்டுவது என்பதிலேதான் முழு வேலையும் தங்கியிருக்கிறது. வாளுடன் வரும் குறிப்பேட்டை நம்பாமல், கழிவுத் துண்டொன்றில் நேர்விளிம்பைக் கிளாம்பினால் இறுக்கி, ஒரு சாண் தூரம் அறுத்து, விளிம்பிலிருந்து வெட்டின் அருகோரம் வரையுள்ள தூரத்தை அளக்க வேண்டும். வாளின் அலகை, அதாவது பற்களுள்ள வெட்டும் தட்டை, மாற்றினால் இந்த அளவும் மாறக்கூடும் என்பதால் மீண்டும் அறுத்துப் பார்ப்பதே சரி. வெட்டின் தடிப்பு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீற்றர். அது எப்போதும் கழிவுப் பக்கத்திலேயே விழ வேண்டும்.

வட்டவாளின் பற்கள் கீழிருந்து மேலாக ஏறி வெட்டுவதால் சிராம்பு மேற்புறத்திலேயே கிளம்பும். ஆகவே நல்ல முகம் கீழே இருக்கட்டும். தள்ளி அறுக்கும் கைவாளுக்கு இது நேர்மாறு. மேலோட்டின் நாருக்குக் குறுக்கே அறுப்பதானால், கோட்டைக் கூரிய கத்தியால் முன்கூட்டியே கீறிவிடுவது நல்லது.

பலகையின் கீழே வெட்டுக்கு இருபுறமும் இரண்டிரண்டாக ஒரே தடிப்புள்ள நான்கு சலாகைகளை வைத்தால், அறுபட்ட பாகம் தொங்கி அலகை நெரிக்காது. நெரிபட்ட வாள் ஆளை நோக்கித் துள்ளும் என்பதால் இதில் அலட்சியம் ஆகாது. அலகு பலகைக்குக் கீழே 5 மில்லிமீற்றர் அளவில் நீண்டால் போதும். அதைச் சரிசெய்யும்போது மின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

அறுத்தபின் மூலையிலிருந்து ஒரு பக்கம் 600, மறுபக்கம் 800 மில்லிமீற்றர் குறித்து, இரு குறிகளுக்கும் இடையே சரியாக 1000 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மூலைமட்டம் சரி.