ட்ரங்க் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

1971 இந்தியா-பாகிஸ்தான் போரில் இருபது வயதுச் சிப்பாயாக இருந்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. 1965 போரில் நின்றவர்களுக்கு எண்பதும் கடந்துவிட்டது. ராணுவத்திலிருந்து வந்த பிறகு துறைமுகத்திலோ, ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலையிலோ, வங்கி வாசலில் காவலாகவோ இன்னொரு வாழ்க்கையை ஓட்டியவர்கள் வடசென்னையில் நிறையப் பேர். வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் தெருவுக்கு அவர் 'மிலிட்டரிக்காரர்', அவ்வளவுதான். எந்த ரெஜிமென்ட், எங்கே நின்றார் என்பது பல வீடுகளில் பேரனுக்கே தெரியாது. இவர்கள் நினைவுகளைப் பதிவு செய்ய நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

"சண்டை எப்படி இருந்துச்சு தாத்தா?" என்று ஆரம்பித்தால் "அது ஆச்சுப்பா, அப்ப" என்பதோடு பேச்சு நின்றுவிடும். பரணில் இருக்கும் ட்ரங்க் பெட்டியை இறக்கச் சொல்லுங்கள். படையிலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் புக்கை அவர் கையிலேயே கொடுத்து, சேர்ந்த தேதியைக் காட்டி, "அன்னைக்கு வீட்ல யார்கிட்ட சொல்லிட்டுப் போனீங்க?" என்று கேளுங்கள். ஆள் தேர்வில் மார்பளவு எடுத்தது, மேட்டுப்பாளையத்திலிருந்து வெலிங்டன் பயிற்சி மையத்துக்கு மலை ஏறியது, சோறு கேட்ட இடத்தில் சப்பாத்தி விழுந்தது, இந்தி தெரியாமல் வாங்கிய திட்டு என்று ஒவ்வொன்றாக வரும். போர் தானாக வந்து சேரும். நாம் இழுக்கக் கூடாது.

கடிதங்கள் இருந்தால் பொக்கிஷம். அனுப்புநர் முகவரியில் ஊர் பெயர் இருக்காது, 'மார்ஃபத் 56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்றுதான் இருக்கும். மார்ஃபத் என்றால் 'மூலமாக', ஏ.பி.ஓ. என்றால் ராணுவ அஞ்சல் நிலையம். பொதுவாக 56 என்றால் வடக்கு, மேற்குப் பகுதி. 99 என்றால் கிழக்கு. தேதியையும் இந்த எண்ணையும் சேர்த்துப் பார்த்தால், 'எங்கேயோ மலையில' என்று அவர் சொல்லும் இடம் பாதி பிடிபட்டுவிடும். பதக்கமும் இப்படித்தான் பேசும். பூர்வி ஸ்டார் 1971இன் கிழக்கு முனைக்கு, பஸ்சிமி ஸ்டார் மேற்கு முனைக்கு, சமர் சேவா ஸ்டார் 1965க்கு. பதக்க விளிம்பையும் பின்பக்கத்தையும் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்: படை எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் பதிந்திருக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்தால் முதலில் அழிவது அந்த எழுத்துதான்.

காகிதங்களைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்கவே முடியாது. கடற்கரைக் காற்றில் குண்டூசி துருப்பிடித்து எழுத்தைத் தின்னும். அதை மெதுவாக எடுத்துவிட்டு, 600 டி.பி.ஐ. நுணுக்கத்தில் ஸ்கேன் செய்யுங்கள். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியே வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்தால் போதும்.

ஒலிப்பதிவுக்குக் காலை பத்து மணி சரியான நேரம். டிபனும் மாத்திரையும் முடிந்திருக்கும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம். காலர் மைக்கைத் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, சட்டை உரசாமல் மாட்டுங்கள். ஃபேனை நிறுத்த வேண்டும்; வேர்த்துக் கொட்டினால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டு நிறுத்துங்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரி சத்தத்துக்கு ஜன்னலை மூடினால் மட்டும் போதாது, உள் அறைக்கு மாறிவிடுங்கள். போன் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும், ஒரு அழைப்பு வந்தால் பதிவு அறுந்துபோகும். போனில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ அமைப்பில் சுருக்காமல் பதிவாகும் வேவ் ஃபைல் மணிக்குச் சுமார் 520 எம்.பி. பிடிக்கும்.

மகனோ மருமகளோ நடுவில் "அப்படி இல்லப்பா" என்று திருத்துவார்கள். அவர்களுக்குத் தனியாக நேரம் கொடுங்கள். மனைவியைத் தனியாகப் பதிவு செய்வது என் கணக்கில் கட்டாயம். மணியார்டர் எந்தத் தேதிக்கு வரும், ரேடியோவில் செய்தி கேட்ட ராத்திரிகள் எப்படிப் போயின என்பதெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது.

1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படையோடு இலங்கை போனவர்கள் தயங்குவார்கள். தமிழ் பேசும் ஊரில் துப்பாக்கியோடு நின்றதை இங்கே சொல்ல அவர்களுக்கு இடமே கிடைத்ததில்லை. தீர்ப்புச் சொல்லாமல் கேளுங்கள். கை நடுங்கினாலோ பேச்சு நின்றாலோ பதிவை நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள், அன்றைக்கு அதற்கு மேல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சம்மதத்தை ஆரம்பத்திலேயே அவர் குரலில் வாங்கிவிடுங்கள்: குடும்பத்துக்கு மட்டுமா, ஆய்வாளர்களுக்கா, எல்லோருக்குமா, தன் காலத்துக்குப் பிறகா. அண்மைக்காலப் பணியிடங்கள், கருவிகள் பற்றிய விவரங்களைப் பொதுவில் போடாதீர்கள். அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வு பெற்றவருக்கும் பொருந்தும்.

எழுத்தாக்கும்போது லங்கர் (சமையற்கூடம்), பாரக் (சிப்பாய்கள் தங்குமிடம்), ஹவில்தார் என்று அவர் சொன்னபடியே விடுங்கள். தமிழும் இந்தியும் கலந்த பேச்சில் தானியங்கி எழுத்தாக்கம் நிறையத் தப்பு செய்கிறது, பெயர்களை ஆளே கேட்டு எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும், டாகுமென்ட்டாக அனுப்புங்கள். மூன்று பிரதி எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். மழை வெள்ளம் தெரிந்த ஊர் இது. ஒரு வாரத்துக்குள் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். "அந்த சுபேதார் பேரு அது இல்ல" என்பார். அதையும் பதிவு செய்யுங்கள்.