ஊதாத் திரையும் ஒரு செமிகோலனும்

"ரெண்டே நிமிஷம், அப்கிரேட் போட்டுட்டு வந்துடறேன்" என்பதை இதுவரை எந்த வீட்டிலும் யாரும் நம்பியதில்லை. நம்பாததும் சரிதான்.

உபுண்டு 22.04 (ஒரு லினக்ஸ் வகை) சர்வரில் ஆப்ட் என்ற மென்பொருள் நிறுவும் கருவியின் அப்கிரேட் ஓடி முடிந்து, ஆள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழும் நேரம் பார்த்துத் திரை ஊதாவாக மாறும். எந்தெந்த சர்வீஸை (பின்னணியில் ஓடும் ப்ரோகிராமை) ரீஸ்டார்ட் செய்யலாம் என்று நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி ஒரு பட்டியலை நீட்டும். சிலர் படிக்காமலே என்டர் தட்டுவார்கள். சிலர் "எதுக்கு வம்பு" என்று கேன்சல் கொடுப்பார்கள். இதில் இரண்டாமவர்தான் பெரிய ஆபத்து.

ஏனென்றால், அப்கிரேடில் ஓபன்எஸ்எஸ்எல் (இணைப்புகளை மறையாக்கும் லைப்ரரி) புதிதாக மாறியிருந்தால், மாறியது டிஸ்க்கில் மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் பழைய ஃபைலையே பிடித்துக்கொண்டிருக்கும். வீட்டை இடித்தாயிற்று, குடியிருப்பவர் மட்டும் காலி செய்யவில்லை. சந்தேகமிருந்தால் ப்ராக் (/proc) டைரக்டரியில் அந்த ப்ராசஸின் எண்ணுக்குள் இருக்கும் மேப்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். லிப்எஸ்எஸ்எல் (ஓபன்எஸ்எஸ்எல்லின் ஃபைல்) வரியின் கடைசியில் 'டெலிட்டட்' என்று எழுதியிருக்கும். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்ப்ளீட் ஓட்டை வெளிவந்தபோதும் இதே கதைதான்: ஓட்டையை அடைத்த 1.0.1ஜி பதிப்பைப் போட்டால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தும் சர்வீஸ்களையும் நிறுத்தி எழுப்ப வேண்டியிருந்தது.

"ரீலோட் கொடுத்தேனே" என்பார்கள். என்ஜின்எக்ஸ் ரீலோடில் (அமைப்புகளை மறுபடி படிக்கச் சொல்வது) மாஸ்டர் ப்ராசஸ் அசையாது. அதே பழைய மாஸ்டர்தான் புது வொர்க்கர்களைப் பெற்றெடுக்கும், பழைய லைப்ரரியோடு. முழு ரீஸ்டார்ட்தான் வழி.

ரீஸ்டார்ட்டிலோ வேறு கூத்து. மூன்று மாதத்துக்கு முன் யாரோ கான்ஃபிகில் (அமைப்பு ஃபைலில்) கை வைத்து ஒரு செமிகோலனை விழுங்கிவிட்டு, ரீலோட் செய்யாமலே போயிருப்பார். அது அங்கேயே தூங்கும். இன்று ரீஸ்டார்ட் வந்ததும், பழையது இறங்கிவிடும், புதியது ஏறாது. சைட் படுத்தபின் திட்டு விழுவது அப்கிரேட்டுக்கு! பட்டியலில் டிக் வைக்கும் முன் இன்னொரு டெர்மினலில் என்ஜின்எக்ஸுக்கு 'மைனஸ் டி' (-t) கொடுத்து கான்ஃபிகைச் சோதித்தால் பத்து வினாடியில் செமிகோலன் சிக்கிவிடும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையவிடும் எஸ்எஸ்ஹெச்டிக்கும் அதே 'மைனஸ் டி' உண்டு. அதை ரீஸ்டார்ட் செய்தால் இருக்கும் இணைப்பு அறாது. ஆனால் புது இணைப்பு ஒன்று உள்ளே வருகிறதா என்று பார்க்கும்வரை பழையதை மூடாதீர்கள்.

பட்டியலில் டீபஸ் (ப்ரோகிராம்கள் தங்களுக்குள் பேசும் வழி), சிஸ்டம்டி-லாகின்டி (லாகின்களைக் கவனிப்பது) போன்றவை டிக் இல்லாமல் இருப்பது மறதியால் அல்ல. அவற்றை நடுவில் தட்டினால் லாகின் செஷன்கள் தடுமாறும். "எல்லாவற்றுக்கும் டிக்" என்ற தாராள மனசு இங்கே வேண்டாம். அவை ரீபூட்டோடு போகட்டும். கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) பற்றிய இன்னொரு பெட்டியும் வரும், அதில் ஓகே மட்டும்தான் இருக்கும். அதை அழுத்தினால் ரீபூட் ஆகிவிடுமோ என்று கை நடுங்க வேண்டாம். ஒன்றும் ஆகாது.

ஸ்கிரிப்டில் அப்கிரேட் போடுபவர்களுக்குத்தான் உச்சக்கட்டம். ஊதாத் திரை வந்து, தட்ட ஆளில்லாமல் விடியவிடிய நிற்கும். நீட்ரீஸ்டார்ட் மோடை 'ஏ' (NEEDRESTART_MODE=a) என்று வைத்தால் கேட்காமல் செய்யும். ஆனால் அதை சூடோவுக்கு (அட்மின் உரிமையோடு ஓட்டும் கட்டளை) முன்னால் எழுதினால் சூடோ வழியிலேயே உதறிவிடும். சூடோவுக்குப் பின்னால், ஆப்ட்டுக்கு முன்னால் எழுத வேண்டும். உபுண்டு 24.04 சர்வரில் இந்தத் தொல்லை இல்லை, சர்வீஸ்களைத் தானே ரீஸ்டார்ட் செய்துவிடும். அந்த மூன்று மாதச் செமிகோலனையும் கேட்காமலே எழுப்பிவிடும்.