திருமலையிலிருந்து மவுண்ட் ரோட்டுக்கு: எல்.ஐ.சி. பார்த்த கதை

வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்த்து வளர்ந்த எங்கள் திருமலைப் (இலங்கையின் திருகோணமலை) பிள்ளைகளுக்குச் சென்னை என்றால், மவுண்ட் ரோடு என்கிற அண்ணா சாலையில் நிற்கும் ஆயுள் காப்புறுதிக் கழகக் கட்டடமான எல்.ஐ.சி.தான். கிராமத்துக் கதாநாயகன் தகரப் பெட்டியோடு வந்து இறங்குவான், அடுத்த காட்சியில் அண்ணாந்து அதைப் பார்ப்பான். மெரினாவும் சென்ட்ரலும் அதற்குப் பிறகுதான்.

மாமாவின் கண்ணைக் காட்டச் சென்னைக்குப் போக வேண்டி வந்தபோது, ஒரு பின்னேரத்தை இதற்கென்று ஒதுக்கிவிட்டேன். பஸ்ஸில் யாழ்ப்பாணம், பலாலியிலிருந்து விமானம். சென்னை விமான நிலையத்தில் மெட்ரோ ஏறினால் இடையில் மாறாமலே வரலாம், நிலையத்தின் பெயரே எல்.ஐ.சி.தான். மாமா கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து பென்சன் எடுத்தவர். கட்டடத்தைக் கண்டால் சும்மா பார்க்க மாட்டார், கண்ணாலேயே அளப்பார்.

சுரங்க நிலையத்திலிருந்து மேலே ரோட்டுக்கு வந்து நின்றதும், மாமா "டேய் தம்பி, இவ்வளவுதானா? பதினாலு மாடி எண்டு எவ்வளவு கதை விட்டவங்கள்!" என்றார்.

உண்மையில் 177 அடி. திருமலையில் எங்கள் கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலை இதைவிட உயரம். ஆனால் 1959இல் இதைத் திறந்தபோது இந்தியாவிலேயே இதுதான் ஆக உயர்ந்த கட்டடம். இரண்டொரு வருடத்தில் பம்பாய் முந்திக்கொண்டது. என்றாலும் சென்னைக்குள் 35 வருடத்துக்கு மேல் இதை விஞ்ச ஒன்றும் எழும்பவில்லை.

எனக்கு உயரத்தைவிட இது கட்டப்பட்ட விதம்தான் சுவாரசியம். தொடங்கியவர் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார். 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்த மனிதர். (கொழும்பில் இன்றும் அதற்குக் கிளை இருக்கிறது.) அவருடைய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்புறுதிக் கம்பனிக்கான தலைமைக் கந்தோராகத்தான் 1953இல் வேலை தொடங்கியது. வரைபடம் லண்டனைச் சேர்ந்த பிரவுன், மோலின் என்ற கட்டடக் கலைஞர்களுடையது. அடுத்த வருடமே செட்டியார் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்துபோனார்.

1956இல் இந்திய அரசு ஆயுள் காப்புறுதியைத் தேசியமயமாக்கி, 245 நிறுவனங்களை ஒன்றாக்கி எல்.ஐ.சி.யை அமைத்தது. பாதி எழும்பின கட்டடமும் அதோடு அரசுக்குப் போனது. 1957இல் லண்டன்காரர்களும் விலகிவிட, மிச்சத்தை முடித்துக் கொடுத்தவர் சென்னையின் எல்.எம். சித்தலே. முதலில் நினைத்தது 18 மாடி, பிறகு அதைக் குறைத்துவிட்டார்கள். செலவு 87 லட்சம் ரூபாய். 1959 ஆகஸ்ட் 23ஆம் திகதி நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார்.

கனவு கண்டவர் இல்லை, வரைந்தவர்கள் நடுவழியில் போய்விட்டார்கள், உரிமையாளரும் மாறிவிட்டார். அப்படியிருந்தும் வேலை முடிந்திருக்கிறது. அத்திவாரத்தோடு நின்றுபோன அரைகுறைக் கட்டடங்களை எங்கள் பக்கத்தில் எத்தனை பார்த்திருக்கிறோம்!

மாமாவுக்குப் பிடித்தது வேறு. சுண்ணாம்புச் சாந்தும் செங்கல்லும் சுமை தாங்கிய காலம் போய், கொங்கிரீட் தூண்கள் சுமையைத் தாங்கும் முறைக்குச் சென்னை மாறிய கட்டம் இது. "சுவர் தாங்கினால், மேலே போகப் போகக் கீழ்ச்சுவர் மொத்தமாக வேணும். தூண் தாங்கினால் சுவர் வெறும் மறைப்புத்தான். அதாலதான் இவ்வளவு யன்னல் வைக்க முடிஞ்சிருக்கு" என்று ரோட்டோரத்தில் நின்று வகுப்பெடுத்தார். திருமலையில் இருக்கிற பிரெட்ரிக் கோட்டையின் மதிலைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கோணேசர் கோயிலை இடித்த கல்லைக்கொண்டு போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது அது. அங்கே கனம்தான் பலம். இங்கே எலும்புக்கூடுதான் பலம், மற்றதெல்லாம் தோல்.

அழகா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். நிமிர்த்திவைத்த பெட்டி மாதிரி இருக்கிறது. கொஞ்சத் தூரத்தில் 1904இல் கட்டிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை இருக்கிறது. அழகு என்றால் என் வாக்கு அதற்குத்தான். மாமா இதை ஒப்புக்கொள்ளவேயில்லை.

1975இல் பெரிய தீ விபத்து ஒன்றும் நடந்தது. அதிலிருந்தும் எழும்பி, இன்றுவரை கந்தோராகவே இயங்குகிறது.

போகிறவர்களுக்கு: இது வேலை நடக்கிற இடம், மேலே ஏறி ஊரைப் பார்க்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். முழுக் கட்டடமும் படத்துக்குள் வர வேண்டுமென்றால் ரோட்டுக்கு மற்றப் பக்கம் நின்று எடுங்கள். அண்ணா சாலை வாகன நெரிசலில் குறுக்கே பாய வேண்டாம், மெட்ரோ சுரங்கப்பாதையால் கடப்பது நல்லது. நாங்கள் அப்படிக் கடந்து படம் எடுத்துக்கொண்டு, ஸ்பென்சர் பிளாசாப் பக்கம் தேத்தண்ணி குடிக்கப் போனோம்.