கொலஸ்ட்ரால் மாத்திரையும் எங்கள் வீட்டு மீன் சட்டியும்

கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், இரவில் ஒன்று என்ற சீட்டோடு நான் வீடு திரும்பிய அன்றே தெருவில் பாதிப் பேர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ‘இனி இறால் பக்கமே போகாதீர்கள் அண்ணாச்சி. அந்த மாத்திரையும் கடல் உணவும் சேரவே சேராது.’ தூத்துக்குடிக்காரனிடம் இதைச் சொல்வது எளிது. மதியச் சோற்றுக்கு அவன் எதைப் பிசைவான் என்று கேட்டால் பதில் வராது. எனக்கு எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் 168 வந்திருந்தது. இரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை உண்டு. மாத்திரையை விழுங்கத் தயார்தான், மீனை விடத்தான் மனமில்லை. அடுத்த முறை போனபோது மருத்துவரிடமே நேராகக் கேட்டுவிட்டேன்.

மீனுக்கும் இந்த மாத்திரைக்கும் பகை எதுவும் இல்லை என்றார். நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறதாம். மாத்திரை அந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. பற்றாக்குறையைச் சமாளிக்கக் கல்லீரல் இரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை அதிகமாக இழுத்துக்கொள்கிறது. நிறைவுற்ற கொழுப்போ இதற்கு நேர் எதிராக, கல்லீரல் அப்படி இழுக்கும் திறனை மங்கச் செய்கிறது. 100 கிராம் இறாலில் கொலஸ்ட்ரால் 150 முதல் 200 மில்லிகிராம் வரை இருந்தாலும், நிறைவுற்ற கொழுப்பு அரை கிராம்கூடத் தேறாது. ‘இறாலை எதில் சமைக்கிறீர்கள்?’ என்று அவர் கேட்டபோதுதான் பேச்சு எங்கள் அடுப்படிக்குள் நுழைந்தது.

எங்கள் வீட்டு மீன் குழம்பில் தேங்காய் தாராளமாக அரைபடும். 100 கிராம் தேங்காயில் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் சுமார் 30 கிராம். வறுவலுக்குப் பாமாயில், அதில் ஏறத்தாழப் பாதி அதே கொழுப்பு. இத்தனை நாளும் பழி முழுவதும் இறால் மேல்! என் மனைவி தேங்காயைக் கைப்பிடி அளவுக்குக் குறைத்து, புளியையும் சின்ன வெங்காயத்தையும் கூட்டி, நல்லெண்ணெயில் தாளிக்கத் தொடங்கினாள். முதல் சில வாரம் குழம்பு எனக்கு வேறு வீட்டுக் குழம்பாகவே பட்டது. இப்போது பழைய மாதிரி வைத்தால் திகட்டுகிறது. சாளையும் அயிலையும் வாரம் இரண்டு முறை, பெரும்பாலும் குழம்பாகவோ தோசைக்கல்லில் சுட்டோ. இறால் எப்போதாவது, தலையைக் கிள்ளிவிட்டு. கணவாயிலும் மீன் சினையிலும் கொலஸ்ட்ரால் இறாலைவிட அதிகம் என்பதால் அவை வந்தால் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். நிறுத்த முயல்கிறேன் என்பதே சரி.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது மீன்பிடித் தடைக்காலம் வந்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குள் போவதில்லை. வள்ளத்து மீன் மட்டும்தான் வரும், விலையும் ஏறியிருக்கும். ஒரு நாள் மருமகன் வழியில் மலிவாகக் கிடைத்ததென்று சூரை வாங்கி வந்தார். உச்சி வெயிலில், ஐஸ் இல்லாத கூடையிலிருந்து. சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் என் முகமும் கழுத்தும் சிவந்துவிட்டன. தலைவலி, படபடப்பு, உடம்பெல்லாம் அரிப்பு. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று வீடே முடிவு கட்டியது. தெருவுக்குத் தெரிந்திருந்தால் திருவிழாவே நடந்திருக்கும்.

மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, வேறு யாருக்காவது இப்படி ஆனதா என்பது. மனைவிக்கும் முகம் சிவந்துதான் இருந்தது. அவள் எந்த மாத்திரையும் போடுவதில்லை. அதோடு மாத்திரை மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களை ஐஸில் வைக்காமல் விட்டால் கிருமிகள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடுகின்றன. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. பார்ப்பதற்கும் மீன் நன்றாகவே இருக்கலாம். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மருந்தில் இருவருக்கும் மாலைக்குள் சரியாகிவிட்டது. அன்றிரவு மாத்திரையை விடலாமா என்றேன். வேண்டாம், போடுங்கள் என்றார்கள். இந்த மாத்திரையில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது காரணமில்லாத தசைவலியும் சிறுநீர் கருத்துப்போவதும். அவை தெரிந்தால் உடனே வரச் சொன்னார்கள்.

அந்தத் தசைவலி விஷயத்தில் மீனுக்குச் சுற்றுவழியில் ஒரு தொடர்பு இருப்பது என் மைத்துனரால் தெரிந்தது. அவருக்கு யூரிக் அமிலம் அதிகம்; நெத்திலியும் சாளையும் இறாலும் ஒரு வாரம் சேர்ந்தால் கால் கட்டைவிரல் வீங்கிவிடும். அதற்கு வேறொரு மருத்துவர் கோல்சிசின் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்தார். மைத்துனரும் என்னைப் போல ஸ்டாட்டின், அதாவது என் கொலஸ்ட்ரால் மாத்திரையின் வகை, போடுபவர். இந்த இரண்டும் சேர்ந்தால் தசை பாதிக்கப்படும் வாய்ப்பு கூடும். மருந்துக்கடைக்காரர் பழைய சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்ததால்தான் பேச்சு எழுந்தது. இப்போது மைத்துனர் எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லாச் சீட்டையும் ஒரே உறையில் போட்டு எடுத்துப் போகிறார்.

பழத்தில் ஒரு தடை உண்டு. கிரேப்ஃபுரூட், பம்பளிமாஸ் இரண்டும் அட்டோர்வாஸ்டாட்டினை இரத்தத்தில் ஏற்றிவிடும். வறுவல் மேல் பிழியும் எலுமிச்சைக்குத் தடையில்லை. மருந்துக்கடையில் அழகான டப்பாவில் விற்கும் மீன் எண்ணெய் மாத்திரையைப் பற்றியும் கேட்டேன். எல்டிஎல்லை அது குறைக்காது, அந்தக் காசுக்குச் சாளை வாங்குங்கள் என்றார் மருத்துவர். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

மறு பரிசோதனையில் எல்டிஎல் 98. கல்லீரல் அளவுகளும் சரியாக இருந்தன. மாத்திரை தொடர்கிறது, மீனும் தொடர்கிறது. கருவாட்டில் மட்டும் மருத்துவர் இறங்கிவர மறுக்கிறார். அதில் அவருக்குக் கவலை கொலஸ்ட்ரால் அல்ல, உப்பு. இரண்டு முறை தண்ணீரில் ஊற வைத்துக் கழுவினால் பரவாயில்லையா என்று கேட்டுப் பார்த்தேன். முதலில் இரத்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்றிருக்கிறார்.