அமராவதிக்கு முன் எழும்பூர்

ஆந்திர எல்லையிலுள்ள சூலூர்பேட்டையில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வடக்கே விஜயவாடாவும் தெற்கே சென்னையும் ஒரே இருப்புப்பாதையில் அமைந்திருக்கின்றன. அமராவதி மகாசைத்தியம் என்னும் பெரிய பௌத்தத் தூபியின் அடித்தளம் ஒரு முனைக்கு அருகிலும், அதைப் போர்த்தியிருந்த சிற்பப் பலகைகளின் பெரிய தொகுப்பு மறுமுனையில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் இருப்பதால், இவ்விரண்டையும் சிறிய செலவில் அடுத்தடுத்துப் பார்த்துவிட முடிகிறது. ஆனால் எழும்பூரை முதலில் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

1797இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி அமராவதிக்கு வந்தபோதே, சமீந்தார் வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடு உருவாக்கிக்கொண்டிருந்த புதிய ஊரின் கட்டடங்களுக்காக அந்த மேட்டிலிருந்து கற்கள் பெயர்க்கப்பட்டு வந்தன. 1845இல் மற்றோர் அதிகாரியான வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்த பலகைகள் மதராசுக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859இல் அவற்றில் ஒரு பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. ஆகவே இன்று அமராவதியில் காணக் கிடைப்பது சுமார் 50 மீட்டர் விட்டமுள்ள, புல் படர்ந்த தாழ்வான வட்ட மேடும், அதைச் சுற்றி நிறுத்தப்பட்ட சில தூண்களும் பலகைகளும்தாம். நேராக அங்கே போய் இறங்குபவர்கள் கால் மணி நேரத்தில் சலிப்படைந்து திரும்புவதில் வியப்பில்லை.

எழும்பூரில் இருக்கும் பலகை ஒன்றில் அந்தத் தூபியே முழு வடிவில் செதுக்கப்பட்டிருக்கிறது. மாலைகள் தொங்கும் அண்டம் என்னும் குவிமாடம், சுற்றுவேலி, வாயிலில் அமர்ந்த சிங்கங்கள், வாயிலுக்கு நேரே துருத்திய மேடைமேல் நிற்கும் ஆயகத் தூண்கள் எனப்படும் ஐந்து தூண்கள் என அனைத்தையும் அதில் நிதானமாகப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டால், மறுநாள் அமராவதி மேட்டில் நான்கு திசைகளிலும் துருத்தி நிற்கும் மேடைகள் எதற்காக என்று எவரும் சொல்லாமலே விளங்கிவிடும். அதே கூடத்தில் நளகிரி என்ற யானையைப் புத்தர் அடக்கும் வட்டச் சிற்பமும் உண்டு. ஒரு பக்கம் மதம் கொண்ட யானை தெருவில் பாய்கிறது, மக்கள் சிதறுகிறார்கள், மாடங்களிலிருந்து சிலர் எட்டிப் பார்க்கிறார்கள். மறுபக்கம் அதே யானை புத்தரின் காலடியில் மண்டியிடுகிறது. ஒரு நெரிசலான தெருவை இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் அடக்கிய சிற்பியின் முன்னால் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன்.

விஜயவாடாவில் ரயில் நிலையத்தின் ஓய்வறைகளே மலிவான தங்குமிடம். பண்டித நேரு பேருந்து நிலையத்திலிருந்து பிரகாசம் அணையைக் கடந்து அமராவதிக்குச் செல்லும் வழியில் உண்டவல்லி குடைவரை இருக்கிறது. நான்கு தளங்கள் கொண்ட அக்குடைவரையின் உள்ளே கிடந்த கோலத்தில் பெரிய அனந்தசயனர் இருக்கிறார். ஆயினும் அமைப்பில் பௌத்த விகாரத்தின் சாயல் தெரிகிறது. புதிய தலைநகர்ப் பகுதிக்கும் அமராவதி என்றே பெயர் என்பதால், நடத்துநரிடம் 'அமரேஸ்வர ஸ்வாமி குடி' (கோயில்) என்று தெளிவாகச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்குவது நல்லது. அங்குள்ள 125 அடி தியான புத்தர் நிழற்படத்துக்கு உகந்தவர். அதற்கு மேல் அவரிடம் எனக்குப் பெரிய ஈடுபாடு எழவில்லை.

மாலையை விஜயவாடாவின் பெசன்ட் சாலைக்கும் வன் டவுனுக்கும் ஒதுக்கலாம். நடைபாதைத் துணிக்கடைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே நடக்கப் பொறுமை வேண்டும், எங்கள் எல்லைத் தெலுங்கைக் கேட்டதும் "மெட்ராஸா அண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் கடைக்காரர்கள் விலை சொல்கிறார்கள். மெஸ்களில் பருப்புப்பொடி, நெய், கோங்கூரா பச்சடி ஆகியவற்றோடு வயிறார உண்ணலாம். இரவு வேறெதுவும் தேவைப்படாது.

எழும்பூர், அமராவதி ஆகிய இரண்டு ஊர்களின் அருங்காட்சியகங்களுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே சனிக்கிழமை காலை எழும்பூரைப் பார்த்துவிட்டு, பிற்பகல் இரண்டு மணியளவில் சென்ட்ரலில் புறப்படும் பினாகினி விரைவு வண்டியில் இரண்டாம் வகுப்பு இருக்கையில் ஏறினால், சொந்த ஊரில் இறங்காமலே கடந்து இரவு விஜயவாடா சேரலாம். ஞாயிறு முழுவதும் அமராவதிக்குக் கிடைக்கும். திங்கட்கிழமை விடியலில் அதே வண்டி அங்கிருந்து திரும்புகிறது.