ஆடி அமாவாசைக்கு ஒரே ரூம், ரெண்டு புக்கிங்

ஆடி அமாவாசை நெருங்கிவிட்டது. ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் மிச்சம் இருப்பது ஒரே ரூம். மதுரையிலிருந்து ஒருவர், காரைக்குடியிலிருந்து ஒருவர், ஒரே நேரத்தில் புக்கிங் பட்டனைத் தட்டுகிறார்கள். இரண்டு ரெக்வெஸ்ட்டும் "காலியா?" என்று டேட்டாபேஸைக் கேட்கின்றன, இரண்டுக்கும் "காலி" என்றே பதில் வருகிறது, இரண்டும் எழுதிவிடுகின்றன. அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட வந்த இரண்டு குடும்பம் ரிசப்ஷனில் ஒரே சாவிக்கு மல்லுக்கட்டும்.

டிரான்சாக்‌ஷனுக்குள் (முழுதாக நடக்கும், இல்லையேல் எதுவுமே நடக்காத வேலைத்தொகுதி) எழுதினால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. போதாது. டேட்டாவைப் படிக்கும் சாதாரண செலக்ட் யாரையும் தடுக்காது. பைத்தானில் த்ரெட் லாக் (ஒரு புராசஸுக்குள் மட்டுமே செல்லும் பூட்டு) போடுவதும் வேலைக்கு ஆகாது: பைத்தான் வெப் சர்வரான கன்னிகார்ன் 4 வொர்க்கரோடு ஓடினால் 4 புராசஸ், ஆளுக்கொரு பூட்டு. டேட்டா எங்கே இருக்கிறதோ அங்கேதான் பூட்டு இருக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வழி இது. முதலில் ரூம் டேபிளில் அந்த ரூமின் வரிசையை (row) 'செலக்ட் ஃபார் அப்டேட்' கொண்டு பூட்டுங்கள். பிறகு, தனி குவெரியாக, அந்தத் தேதிகளில் புக்கிங் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி கமிட் செய்யுங்கள்; எழுதியது நிலைக்கும், பூட்டும் விலகும். புக்கிங் டேபிளின் வரிசைகளைப் பூட்டப் பார்க்காதீர்கள். இன்னும் பிறக்காத வரிசையை எப்படிப் பூட்டுவது? ஐசொலேஷன், அதாவது மற்றவர் எழுதியது எப்போது தெரியும் என்ற அமைப்பு, ரீட் கமிட்டட் ஆகவே இருக்கட்டும். 'இன்னும் பத்திரம்' என்று ரிப்பீட்டபிள் ரீடுக்கு மாற்றினால், காத்திருந்து பூட்டு கிடைத்த பிறகும் தொடக்கத்தில் எடுத்த பழைய ஸ்னாப்ஷாட்டே தெரியும். முதல் ஆள் போட்ட புக்கிங் கண்ணில் படாது.

பூட்டுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற லாக் டைம்அவுட்டை மறக்கக் கூடாது. போஸ்ட்கிரெஸ்ஸில் அது இயல்பில் 0, அதாவது காலவரையின்றிக் காத்திருக்கும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் இன்னோடிபி எஞ்சினில் 50 நொடி. இரண்டுமே வெப்புக்கு ஆகாது. 3 நொடி வையுங்கள். உடனே "இல்லை" என்று சொன்னால் அந்த ஆள் பக்கத்து ஊரான மண்டபத்திலாவது ரூம் தேடுவார்.

ஒரே குடும்பத்துக்கு 101, 102 என்று இரண்டு ரூம் வேண்டுமென்றால் டெட்லாக் வரலாம். அதே இரண்டையும் கேட்கும் இருவரில் ஒருவர் 101-ஐப் பிடித்து 102-க்கு நிற்பார், மற்றவர் நேர்மாறாக. போஸ்ட்கிரெஸ் 1 நொடி காத்திருந்து சோதித்து ஒன்றைக் கொல்லும். எப்போதும் ரூம் ஐடியின் ஏறுவரிசைப்படியே பூட்டுங்கள். அப்படியும் எர்ரர் வந்தால் டிரான்சாக்‌ஷனை முதலிலிருந்து திரும்ப ஓட்டுங்கள், பாதியிலிருந்து அல்ல.

உண்மையான சிக்கல் பணம் கட்டும் இடத்தில்தான். யூபிஐ பதில் வரும்வரை பூட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது பெரிய தப்பு. கட்டுகிறவர் பாம்பன் பாலத்தில் பஸ்ஸில் இருப்பார், சிக்னல் போகும். கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸுக்கான இணைப்புகளின் இருப்பு) காலியாகி மொத்த சைட்டும் நிற்கும். அதனால் பூட்டி, 'ஹோல்டு' என்று 10 நிமிடக் காலாவதியோடு வரிசை எழுதி, உடனே கமிட். நேரத்தை டேட்டாபேஸ் கடிகாரத்திலிருந்தே எடுங்கள். பணம் வந்ததாக வெப்ஹூக் (பேமெண்ட் நிறுவனம் நம் சர்வருக்கு அனுப்பும் தகவல்) வந்தால் மறுபடி பூட்டி, அதே ஹோல்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்யுங்கள். காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போயிருந்தால் பணத்தைத் திருப்புங்கள். ஒரே வெப்ஹூக் இரண்டு தடவை வரலாம். பேமெண்ட் ஐடிக்கு யூனிக் (ஒரே ஐடி இரண்டு முறை பதியாது என்ற விதி) போட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் அடியில் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் என்ற டேட்டாபேஸ் விதி ஒன்று இருக்கட்டும்: ரூம் ஒன்றாகவும் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதாகவும் இருந்தால் மறுக்கும். காலி செய்யும் நாளைத் தேதி வரம்பில் சேர்க்காதீர்கள். காலையில் ஒருவர் போனதும் அன்றே இன்னொருவர் வரலாமே. அந்த விதியின் நிபந்தனையில் 'இப்போது' என்ற நேரத்தை வைக்க முடியாது. ஆகவே காலாவதியான ஹோல்டுகளை, புதிதாக எழுதுவதற்கு முன் அதே டிரான்சாக்‌ஷனில் அழித்துவிட வேண்டும்.

மேனேஜர்கள் வாடகையைத் திருத்தும் பக்கத்துக்கு இவ்வளவு தேவையில்லை. டேபிளில் வெர்ஷன் எண்ணுக்கு ஒரு காலம் (column), அப்டேட்டில் பழைய எண்ணை நிபந்தனையாக வைத்தால் முடிந்தது. 0 வரிசை மாறினால் 409 (மோதல் என்று சொல்லும் HTTP பதில்) அனுப்புங்கள்.

ரெடிஸ் என்ற தனி சர்வரில் போடும் லாக்? காலாவதி முடிந்தபின்னும் பழைய புராசஸ் தன்னிடம் பூட்டு இருப்பதாக நினைத்து எழுதக்கூடும். ஒரே டேட்டாபேஸ் வைத்திருக்கும் லாட்ஜுக்கு அது வீண் வேலை.

சோதிக்க இரண்டு பிஎஸ்கியூஎல் (போஸ்ட்கிரெஸ்ஸின் கட்டளைக் கருவி) ஜன்னல் போதும். ஒன்றில் பிகின் போட்டு வரிசையைப் பூட்டுங்கள், மற்றதில் அதே குவெரியை ஓட்டுங்கள். 3 நொடியில் டைம்அவுட் எர்ரர் வராமல் கர்சர் அப்படியே நின்றால், நீங்கள் வைத்த டைம்அவுட் அந்தக் கனெக்‌ஷனுக்குப் போய்ச் சேரவில்லை.