சாலட் கீரை: கிராமா, கப்பா?
பெங்களூரில் பேபி பாலக், லெட்யூஸ் எல்லாம் கிராம் கணக்கில் பாக்கெட்டில் கிடைக்கிறது. சமையல் குறிப்போ கப்பில் கேட்கிறது. 240 மில்லி கப்பில் அழுத்தாமல் போட்டால் பேபி பாலக் சுமார் 30 கிராம், அருகுலா (லேசான காரமுள்ள சாலட் கீரை) 20, நறுக்கிய ரோமெய்ன் (நீள இலை லெட்யூஸ்) 47, மெலிதாகச் சீவிய ஐஸ்பர்க் (உருண்டை லெட்யூஸ்) 70. ஆக, 100 கிராம் பாலக் பாக்கெட் மூன்று கப்புக்குக் கொஞ்சம் மேலே வரும்.

கணக்கு பிசகுவது பெரும்பாலும் ஈரத்தால்தான். கழுவிய இலையை அப்படியே தராசில் வைத்தால் ஒட்டியிருக்கும் தண்ணீரையும் சேர்த்துக் காட்டும். வடியவிட்டு, பருத்தித் துணியில் ஒற்றியெடுத்து நிறுக்கவும். கட்டுக்கீரை என்றால் வேரும் முற்றிய தண்டும் ஆய்ந்த பிறகே எடை. அமுக்கி அடைத்தால் அதே கப் இருமடங்குகூடப் பிடிக்கும். என்னைக் கேட்டால் இலைக்குக் கப்பை நம்பவே கூடாது, தராசுதான். வதக்கும் பாலக்கோ ஆறு கப் போட்டால் ஒரு கப்பாகச் சுண்டிவிடும்.